உதவி: போர்டில் தமிழ் எழுத்து நசுங்கித் தெரிகிறது (அவசரம்)

காரைக்குடி பலகாரம்:
வணக்கம். கடை போர்டுக்கு நாளைக்குள் ஃபைல் கொடுக்க வேண்டும். ஆங்கிலப் பெயரை பெபாஸ் நியூவில் வைத்தேன், ஒடுக்கமாக, தடிப்பாக, கம்பீரமாக இருக்கிறது. அதே எழுத்துருவில் "கண்ணாத்தாள் பலகாரம்" என்று போட்டால் மெல்லிசாக வேறு மாதிரி வருகிறது. பக்கவாட்டில் ஒடுக்கிப் பார்த்தேன், அசிங்கமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

தேவகோட்டை டிசைன்:
எந்த சாஃப்ட்வேர் அண்ணே? கோரலா, இல்லஸ்ட்ரேட்டரா? ஃபிளெக்ஸா, அக்ரிலிக் எழுத்தா? போர்டு எத்தனை அடி? படம் போடுங்கள்.

குறில்நெடில்:
என்கோடிங் கோளாறுதான். யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றியிருப்பீர்கள். முதலில் அதைச் சரிபாருங்கள்.

தேவகோட்டை டிசைன்:
பாமினி என்றால் எழுத்தே புரியாமல் வந்திருக்கும். இவர் மெல்லிசாக வருகிறது என்றுதானே சொல்கிறார்?

சுழியன்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, பெபாஸ் நியூவில் தமிழே கிடையாது. ஆங்கிலச் சிறிய எழுத்துகூடக் கிடையாது. கணினி தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை, விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலாவை, கொண்டுவந்து வைக்கிறது. அதைப் பக்கவாட்டில் ஒடுக்கினால் நிற்கும் கோடு மெலியும், கிடக்கும் கோடு அப்படியே தடிப்பாக நிற்கும். அசிங்கம் அங்கேதான் பிறக்கிறது. இம்பாக்ட் எழுத்துருவை 1965இல் ஜெஃப்ரி லீ ஒடுக்கமாகவே வரைந்தார், அகலமான ஒன்றை நசுக்கிச் செய்யவில்லை. தமிழிலும் அகலத்தைக் குறைத்தே வரைந்தது வேண்டும். அனெக் தமிழ் என்ற எழுத்துருவில் அகலம் இயல்பில் 75 சதவீதம் வரை இறங்கும், தடிமன் 800 வரை ஏறும் (சாதாரண எழுத்து 400). நோட்டோ சான்ஸ் தமிழ் 62.5 சதவீதம் வரை ஒடுங்கும். இரண்டும் இலவசம்.

பள்ளத்தூரான்:
ஆங்கிலத்தை ஏன் அண்ணே பெரிதாக வைக்கிறீர்கள்? தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்றுதானே கடைப் பலகைக்கு அரசு சொல்லும் விகிதம்? தமிழ் மேலே பெரிதாக வரட்டும், ஆங்கிலம் அதற்கு ஒத்துப்போகட்டும்.

குறில்நெடில்:
எங்கள் ஊர்க் கடைகளில் யார் அதைப் பார்க்கிறார்கள்? வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம்தான் முதலில் கண்ணில் படும்.

பள்ளத்தூரான்:
தேன்குழலும் மணகோலமும் கேட்டு வருகிற ஆச்சிமார் தமிழில்தான் படிக்கிறார்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் கையாலேயே நெட்டையாக, ஒடுக்கமாகத் தமிழ் எழுதினார்கள். இடம் போதாவிட்டால் சுழியைச் சின்னதாக்கிக் காலை நீட்டுவார்கள். கண் அறிந்த வேலை அது.

சுழியன்:
அது சரி. ஆனால் மூன்று சுழி ண-வுக்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் பெயரில் "ண்ணா" அடுத்தடுத்து வருகிறது. ரொம்பத் தடிப்பாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்து, தெருவின் அந்தப் பக்கமிருந்து வெறும் கறுப்புக் கட்டையாகத் தெரியும். தடிமனை 700-இல் நிறுத்துங்கள். இரண்டாவது வரி இருந்தால் வரி இடைவெளியைக் கூட்டுங்கள், கீழே இறங்கும் உகரக் கொக்கி இடிக்கும்.

காரைக்குடி பலகாரம்:
அனெக் போட்டேன், நன்றாக வந்துவிட்டது. கோரல்தான். அக்ரிலிக் எழுத்து. நன்றி எல்லாருக்கும்.

தேவகோட்டை டிசைன்:
அக்ரிலிக் என்றால் சுழியின் உள்வெட்டு எவ்வளவு அகலம் என்று வெட்டுகிறவரிடம் கேட்டீர்களா? புள்ளி தனித் துண்டாக வரும், ஒட்டுவதற்கு இடமும் சொல்லுங்கள். அண்ணே?