மறு: லெகாட்டுஸ் (legatus, பழைய ரோமானியப் பதவிப் பெயர்) – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'தூதர்' என்றே போட்டுவிடலாமே. லத்தீன் வேரும் 'அனுப்பு' என்பதுதானே?

வேர் சரி ஐயா, ஆள் வேறு. பேச்சுவார்த்தைக்குப் போன லெகாட்டுஸ் தூதர்தான், அதில் தகராறில்லை. ஆனால் கி.மு. 27-இல் சிரியா முதலிய மாகாணங்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்ட ரோமப் பேரரசர் அகஸ்டஸ், அவற்றை லெகாட்டுஸ்கள் வழியாகவே ஆண்டார். அவர்கள் படை நடத்தினார்கள், வழக்கு விசாரித்தார்கள். தூதர் தீர்ப்புச் சொல்வாரா?

வெறும் 'ஆளுநர்' என்றாலும் இடிக்கும். பேரரசர் பொறுப்பில் இல்லாத ஆசியா, ஆப்பிரிக்கா மாகாணங்களை ஆண்ட புரோகன்சலும் ஆளுநர்தானே! அவர் குலுக்கலில் வந்து ஓராண்டு ஆள்பவர், அதிகாரம் அவருடையது. லெகாட்டுஸோ பேரரசர் விரும்பும்வரை இருப்பார். பிரிட்டனில் அக்ரிகோலா ஏறத்தாழ ஏழாண்டு இருந்தார். முன்னே அதிகாரச் சின்னமான கோற்கட்டு ஏந்திச் செல்வோரை எண்ணினாலே வேறுபாடு தெரிந்துவிடும்: அந்தப் புரோகன்சலுக்கு 12 பேர், லெகாட்டுஸுக்கு 5. அவர் ரோமின் உயர்பதவியான கன்சல் பதவியை முன்பு வகித்தவராக இருந்தாலும் 5தான்.

ஆகவே 'இரவல் அதிகாரம்' என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். ஒப்படைப்பைக் குறிக்கும் 'கையடை' பொருந்துகிறது. தயரதன் இராமனை முனிவரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பனில் கையடைப் படலம் என்றுதானே பெயர்? ஒப்படைத்தாலும் உரிமை கொடுத்தவரிடமே நிற்கும்.

> 'கையடையாளர்' என்றால் 'கை அடையாளம்' என்று படித்துவிடுவார்கள்.

உண்மை. '-ஆளர்' வேண்டாம், அடைமொழியாக வைப்போம்: மாகாணத்துக்குக் கையடை ஆளுநர், லெஜியன் என்னும் படைப்பிரிவுக்குக் கையடைத் தளபதி, புரோகன்சலின் லெகாட்டுஸுக்குக் கையடைத் துணைவர். இந்தக் கடைசி ஆளிடம்தான் சொல்லுக்குச் சோதனை. புரோகன்சல் ஒப்படைத்தாலொழிய அவருக்குச் சொந்த அதிகாரம் எதுவும் இல்லை என்கிறார் சட்ட அறிஞர் பொம்போனியுஸ். தன் உரிமையாக வைத்திருப்பவரே நீதி அதிகாரத்தை ஒப்படைக்க முடியும் என்கிறார் இன்னொரு சட்ட அறிஞர் யூலியானுஸ். அதாவது, பெற்றவர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. அதை 'மறுகையடை செல்லாது' என்று இரண்டே சொல்லில் எழுதலாம். 'பிரதிநிதி'யை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்!

> பிலாத்துவும் கையடை ஆளுநரா?

இல்லை. இயேசுவை விசாரித்த அவரைப் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு 'தேசாதிபதி' என்கிறது, ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் 'புரோகுராட்டோர்' என்கிறார். 1961-இல் செசாரியாவில் கிடைத்த கல்வெட்டிலோ 'பிரைஃபெக்டுஸ்'. அவர் செனட்டர் வகுப்பினர் அல்லர், அதற்கு அடுத்த நிலையான குதிரைவீரர் வகுப்பினர். அவருக்குப் 'பொறுப்பதிகாரி' போதும். பேரரசரின் மாகாணங்களில் வருவாய் பார்த்த புரோகுராட்டோரை மட்டும் 'துணை' என்று தொடங்கும் எந்தச் சொல்லாலும் குறிக்காதீர்கள். அவர் ஆளுநருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். பிரிட்டனில் புரோகுராட்டோராக இருந்த கிளாசிகியானுஸ், ஆளுநர் பவுலினுஸைப் பற்றி நீரோவுக்கே புகார் எழுதினார்.