எங்கள் தெரு, ராயபுரம்: ஹஜ்ஜுப் பெருநாள் ஏற்பாடு

மீனாட்சி (மாடி வீடு): காதர் பாய், பக்ரீத் என்றைக்கு? இந்தத் தெருவில் எங்களுக்கு இது முதல் முறை. காலையிலேயே வாழ்த்துச் சொல்ல வரலாமா?

காதர் பாய்: பிறை பார்த்துப் பெருநாள் தேதி சொல்லும் தலைமை காஜியின் அறிவிப்பு வந்துவிட்டதம்மா, சனிக்கிழமை. காலையில் நாங்கள் பள்ளிவாசலில் இருப்போம். ரம்ஜான் பெருநாளில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொழப் போவோம். இதற்குத் தொழுதுவிட்டு வந்துதான் சாப்பாடு.

ஸ்டெல்லா அக்கா: மாலையில் போ மீனாட்சி. அதுவரை நசீமாவுக்கு இறைச்சி பங்கிடும் வேலை ஓயாது. நானும் பொட்டலம் கட்ட உட்காருவேன்.

நசீமா: வாருங்கள் அக்கா. மூன்று பங்கில் ஏழைகளின் பங்கைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். உறவுக்கும் நட்புக்கும் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எலும்பையும் கொழுப்பையும் ஏழைக்குத் தள்ளுவதை என்னால் பொறுக்க முடியாது. நாம் சாப்பிடும் அதே கறிதான் அவர்களுக்கும் போக வேண்டும்.

மீனாட்சி: மாற்று மதத்தவருக்கும் கொடுப்பீர்களா?

நசீமா: நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர் கேட்டார். உங்களுக்கு இல்லாமலா?

காதர் பாய்: எங்கள் வீட்டில் ஆடு. தம்பி வீட்டில் ஏழு பேர் சேர்ந்து மாடு, கூட்டுக் குர்பானி, அதாவது கூட்டாகக் கொடுக்கும் பலி. இரண்டும் கலக்காது, கேட்டுத்தான் கொடுப்போம். இளைஞர்களுக்கு ஒன்று: அறுப்பவருக்குக் கூலி பணமாகத்தான். இறைச்சியையோ தோலையோ கூலியில் கழிக்கக் கூடாது. தோல் மதரஸாவுக்கு. பெரியமேட்டுத் தோல் சந்தையில் தோலுக்கு முன்பிருந்த விலை இப்போது இல்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உதவிய வருமானம் அது. நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சங்கரன் ஐயா: நாங்கள் சைவம். வந்தால் உங்களுக்குச் சங்கடமாகிவிடுமோ?

நசீமா: ஐயா, கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குச் சேமியாப் பாயசம் தயாராகிவிடும். அதற்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருக்கிறேன். அவசியம் வர வேண்டும்.

முருகன் அண்ணன்: பாய், கழிவு மூட்டையை வாசலில் வைக்க வேண்டாம், நாய் இழுத்துவிடும்.

காதர் பாய்: தெருவில் அறுப்பே கிடையாது முருகா, பள்ளிவாசல் சுவருக்குள்தான். கழிவு அன்றே குப்பை வண்டியில் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வாங்கிவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா: நசீமா, மக்காவிலிருந்து அம்மா பேசினாரா?

நசீமா: நேற்றுப் பேசினார் அக்கா. அங்கே நமக்கு ஒரு நாள் முன்பே பிறை. வியாழக்கிழமை, ஹாஜிகள் கூடி நின்று வேண்டும் அரஃபா மைதானத்தில் நிற்பார். அன்று ஹாஜிகளுக்கு நோன்பு இல்லை; ஊரில் இருக்கும் நாங்கள் வெள்ளிக்கிழமை நோற்கிறோம். அந்த வெயிலில் முழங்கால் வலியோடு எப்படி நிற்பாரோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. எல்லோரும் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா அக்கா: வியாழன் மாலை ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன்.

மீனாட்சி: நாங்களும் வேண்டிக்கொள்கிறோம் அக்கா. சனிக்கிழமை ஐந்து மணிக்கு வருகிறோம்.

காதர் பாய்: காசிமேட்டுக்குப் பொட்டலங்களைக் கொண்டுபோக வண்டி வேண்டும். யாரிடம் இருக்கிறது?

முருகன் அண்ணன்: என் ஆட்டோ இருக்கிறது பாய். அன்று சவாரி எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன்.