டேப்பெட்டுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டில் ஒரு பாடம் திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் பட்டறையில் இருப்பது பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். வால்வை இயக்கும் பாகங்கள் தேய்ந்தால் கண்டுபிடிப்பது, சரிசெய்வது பற்றிய பாடம் இது. கேம்ஷாஃப்டுக்கு நெம்புருள் தண்டு, புஷ்ராடுக்குத் தள்ளுதண்டு என்று போட்டுவிட்டேன். டேப்பெட்டில்தான் வண்டி நின்றுவிட்டது.

சொல் கிடைக்காதது மட்டும் சிக்கல் இல்லை. நம் ஊர் மெக்கானிக் 'டேப்பெட் அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட்டு மேலே ராக்கருக்கும் (வால்வை அமுக்கித் திறக்கும் நெம்புகோல்) வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்கிறார். நிஜ டேப்பெட், அதாவது தள்ளுதண்டைத் தாங்கும் சின்ன உருளை, கீழே இன்ஜின் பிளாக்கின் பக்கமூடிக்குள், கேமின் (நெம்புருள் தண்டிலுள்ள புடைப்பின்) மேல் உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு பையனிடம் 'டேப்பெட்டைக் கழற்றிப் பார்' என்றேன். ராக்கர் வரிசையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, 'அடுத்து என்ன சார்?' என்றான். அவன் மேல் தப்பில்லை.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? எற்றி. எற்றுதல் என்றால் உதைத்தல், மோதுதல். வெட்டுவது வெட்டி, எற்றுவது எற்றி. பாக்குவெட்டி இருக்கும் வீட்டில் இகர விகுதியை விளக்க வேண்டியதில்லை. வள்ளுவரும் கயமை அதிகாரத்தின் கடைசிக் குறளை 'எற்றிற்கு' என்றே தொடங்குகிறார். அப்படியே வால்வையும் ஒழித்துவிடுங்கள். கவாடம் என்ற சொல் இருக்கிறது. இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் ஊரே கபாடபுரம். கதவைப் பெயரில் வைத்த தலைநகரம்! வால்வும் ஒரு கதவுதானே?

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் குறளில் 'எற்றிற்கு' என்றால் 'எதற்கு' என்றுதான் பொருள், உதை அங்கே இல்லை. அடிதான் வேண்டுமென்றால் மூன்று குறள் முன்னால் தாடையை உடைக்கும் கை இருக்கிறது.

இயந்திரத்துக்கு வருகிறேன். டேப்பெட் உதைப்பதில்லை. கேம் அதைத் தூக்குகிறது, அது தள்ளுதண்டைத் தூக்குகிறது, அவ்வளவுதான். எங்கோ தேய்ந்து இடைவெளி கூடிப்போனால்தான் மோதல், 'டிக் டிக்' சத்தம். ஆக எற்றி என்பது நோயின் பெயர், உறுப்பின் பெயர் அல்ல. தட்டி என்று யாராவது சொல்லும் முன்னே சொல்லிவிடுகிறேன்: மாணவன் ஓலைத் தட்டியை நினைப்பான், இல்லாவிட்டால் விளம்பரத் தட்டியை.

பாடத்தில் இதையும் சேருங்கள். டேப்பெட்டைக் கழற்றியதும் அடிமுகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது அது தன்னைத் தானே சுற்றிக்கொள்ள வேண்டும். வட்டமாக, சீராகத் தேய்ந்திருந்தால் சுற்றியிருக்கிறது. ஒரே கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் நின்றுபோயிருக்கிறது, அப்போது கேமின் மூக்கும் போயிருக்கும். தேய்ந்த கேமின் மேல் புது டேப்பெட்டை வைத்தால் அதையும் தின்றுவிடும்.

கானாடுகாத்தானிலிருந்து:

அப்பச்சியின் அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதனால் நானும் பேசலாம். சத்தம் நிற்கவில்லை என்று மூன்று முறை இடைவெளி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளி அளக்கும் 0.015 அங்குலத் தகடு சரியாகத்தான் போய்வந்தது. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் ராக்கர் நுனியைக் கழுவி, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். வால்வுத் தண்டின் அளவுக்கு ஒரு குழி! தகடு குழிக்குள் இறங்காமல் இரண்டு விளிம்பின் மேல் பாலம் மாதிரிப் படுத்திருக்கிறது. நாம் அளந்தது பாலத்துக்குக் கீழே உள்ளதை. குழியின் ஆழம் கணக்கில் வரவே இல்லை.

அப்புறம் ராக்கர் ஷாஃப்டை உருவினார். மேலே கண்ணாடி போல வழுவழுப்பு, அடியில் படிபடியாகத் தேய்மானம். ஒரு பக்கம் தள்ளுதண்டு, மறுபக்கம் ஸ்பிரிங், இரண்டுமே ராக்கரை மேலே அழுத்துவதால் உராய்வு அடிப்பக்கத்தில்தானாம். எங்கள் முகப்புக் கதவின் குடுமி நினைவுக்கு வந்தது. அதுவும் ஆள் பார்க்காத இடத்தில் தேய்ந்து, கதவு தரையில் உரசிய பிறகுதான் தெரிந்தது. ஷாஃப்டு புதிது, ராக்கர் துளைக்குள் புது புஷ் (உள்வளையம்) அடித்து, எண்ணெய் ஓட்டையை மறக்காமல் துளைத்துப் போட்டார். சத்தம் நின்றது.

என் சொல்: ஏந்தி. தள்ளுதண்டின் அடியை ஒரு கிண்ணத்தில் வாங்கி ஏந்திக்கொண்டு நிற்கிறதே.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏந்தல் என்றால் சிறு கண்மாய். ஏந்தல் என்று முடியும் ஊர்கள் நம் பக்கம் எத்தனை! தண்ணீரை ஏந்துவது வேறு, இரும்பு இரும்பைத் தூக்குவது வேறு. எற்றியில் இருக்கும் வேகம் இதில் இல்லை.

பள்ளத்தூரிலிருந்து:

வேகம் கேமில் இருக்கிறது, ஐயா. ஏந்திக்கு என் ஓட்டு. 'வால்வ் ட்ரெய்ன்' என்பதை 'வால்வுத் தொடரி' என்று மட்டும் மொழிபெயர்த்துத் தலைப்பு வைத்துவிடாதீர்கள், பையன்கள் ரயில் படத்தைத் தேடுவார்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஞாயிறு இரவு பதினொன்று ஆகிவிட்டது. முடிவு இதுதான். பிளாக்குக்குள் இருப்பது ஏந்தி, முதல் தடவை மட்டும் 'பட்டறையில் டேப்பெட்' என்று பக்கத்தில் வரும். மேலே சரிசெய்வது ராக்கர் இடைவெளி. அங்கே டேப்பெட் என்ற சொல்லே வராது. வால்வு வால்வாகவே இருக்கும், கபாடபுரத்தை அடுத்த பதிப்பில் பார்ப்போம். எட்டு வால்வுக்கான ஒன்பது கணக்கையும் சேர்த்துவிட்டேன்: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய், ஏழாவதற்கு இரண்டு, இப்படி இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது. அதற்குக் கலைச்சொல் தேவைப்படவில்லை, நல்லவேளை.

தேவகோட்டையிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். எனக்கு வரும் பிரதியில் பேனாவால் எற்றி என்று திருத்திக்கொள்கிறேன். அது சரி, ராக்கரை ஏன் ராக்கர் என்றே விட்டீர்கள்?