ஜாவா அரண்மனை நடனத்தைப் பார்த்தவர்கள், கற்றவர்கள், படம் பிடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரப்பாச்சி:
நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு நடனம் தெரியாது, வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. வீட்டுக்காரருக்கு சோலோவில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்ததால் இரண்டு வருடம் அங்கே இருந்தோம் (அரசாங்கக் காகிதத்தில் சுரகர்த்தா, ஊர்க்காரர் வாயில் சோலோ). எங்கள் சந்து முனையில் எழுபது தாண்டிய ஒரு அம்மா. எல்லோரும் "இபு" என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இளவயதில் அரண்மனையில் ஆடியவர். அவரிடம் படிக்கும் பெண்கள் ஒருநாள் வந்து, "இபு சொல்லித்தரும் ஸ்ரிம்பி ஒன்றை முழுசாகப் பதிவு பண்ணி வைக்க வேண்டும், உங்களிடம்தான் நல்ல கேமரா இருக்கிறதே" என்றார்கள்.

ஸ்ரிம்பி நான்கு பேர் ஆடுவது. நான் இரண்டு கேமரா வைத்தேன். ஒன்று மொத்தக் காட்சிக்கு, இன்னொன்று முகம், விரல் என்று கிட்டே போய் எடுக்க. நம் ஊர் பரதநாட்டியக் கச்சேரிகளை எடுத்துப் பழகிய கை, அதனால் கண் எங்கே போகிறதோ அங்கே கேமராவும் போனது. ராத்திரி உட்கார்ந்து அழகாக வெட்டி ஒட்டி, மறுநாள் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

இபு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கால் எங்கே?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்ரிம்பியில் முகத்தில் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. பார்வை தாழ்ந்து கொஞ்ச தூரத்தில் தரை மேல் நிற்கும், அது கடைசி வரை மாறாது. நான் பாட்டுக்கு அசையாத நான்கு முகங்களை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறேன். அவர்கள் இடுப்பில் கட்டும் துணியின் ஒரு முனை இரண்டு காலுக்கும் நடுவில் தரையில் வால்போல நீண்டு கிடக்கும், சம்பாரான் என்பார்கள். திரும்பும்போதெல்லாம் அதைக் காலால் பின்னுக்கு எத்த வேண்டும். ஆடும் நாளில் அதன் மடிப்புக்குள் ரோஜா இதழ் வைப்பார்கள், எத்த எத்த இதழ் சிதறும். எத்துகிற கால் தாளத்தோடு விழவேண்டும், துணி தடுக்கவும் கூடாது. என் வீடியோவில் அது ஒன்றுகூட முழுசாக இல்லை.

இரண்டாம் தடவை வெட்டே இல்லாமல் ஒரே அகலக் காட்சியாக எடுத்தேன். முடித்துக் கிளம்பும்போது இபு, "இப்போது முதுகுப் பக்கம் இருந்து ஒன்று எடு" என்றார். எதற்கு என்று புரியவில்லை. அங்கே பிள்ளைகள் குருவுக்குப் பின்னால் நின்றுதான் படிக்கிறார்கள். முன்னால் இருந்து எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிவிடும். இத்தனை வருடத்தில் எந்த நடன வீடியோவையும் நான் முதுகுப் பக்கம் இருந்து எடுத்ததில்லை.

ஈப்போக்காரி:
அக்கா, அந்த முதுகுப் பக்க விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் இந்தோனேசிய அரசின் தர்மாசிஸ்வா உதவித்தொகையில் சோலோ போய் ஒரு வருடம் படித்தவள். பரதநாட்டியத்தில் பத்து வருடம் அரைமண்டி போட்ட கால் என்னுடையது. அங்கே முதல் மாதம் முழுக்க "வேகம், வேகம், குறை" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது கேசட் கதை. எங்கள் வகுப்பில் வாரம் ஒருநாள்தான் கமலான் (ஜாவாவின் வாத்தியக் குழு இசை) வாசிக்க ஆள் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பதிவு செய்த இசைதான். 1956இல் சோலோவில் தொடங்கிய லோகனந்தா என்ற அரசு இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்ட கமலான் கேசட்டுகள் ஊரெல்லாம் போயின, அதற்கப்புறம் நடனத்துக்கென்றே கேசட், குறுந்தகடு எல்லாம் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் நேரடி வாசிப்பில் கெண்டாங் என்ற மத்தளம் வாசிப்பவர் ஆடுகிறவளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் ஒரு சுற்று தாமதித்தால் அவரும் இழுப்பார். கேசட் யாரைப் பார்க்கும்? நாங்கள் அதற்குப் பழகியவர்கள். நேரடி வாசிப்பு நாள் வந்தால் நால்வரும் நாலு பக்கம் முழிப்போம்.

நீளமும் அப்படித்தான். 1970களில் கெந்தோன் ஹுமர்தானி என்பவர் முன்னின்று, அரண்மனைக்குள் இருந்த பெதாயா என்ற குழு நடனத்தையும் ஸ்ரிம்பிகளையும் வெளி மாணவர்கள் கற்க வழி செய்தார்கள். கூடவே மேடைக்கு ஏற்றபடி சுருக்கவும் செய்தார்கள், "பெமடாத்தான்" என்பது அதற்கான சொல். ஒருமணி நேர நடனம் கால்மணி நேரம் ஆனது. நான் கற்றதெல்லாம் சுருக்கியதுதான். எங்கள் ஆசிரியைக்கு முழுநீளமும் தெரியும், கேட்டால் "யாருக்கு நேரம் இருக்கிறது" என்று சிரிப்பார். சுருக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர்கள் கதவைத் திறந்திராவிட்டால் ஈப்போவில் பிறந்த எனக்கு அங்கே என்ன வேலை?

காப்பித்தூள்:
அந்த ஒன்பது பேர் ஆடும் நடனம், கடல் ராணி பத்தாவதாக வந்து சேர்ந்துகொள்வாள் என்பார்களே, அதை யாராவது பார்த்தீர்களா? வீடியோவில் பத்து பேர் விழுவார்களா? 😀

ஈப்போக்காரி:
நீங்கள் கேட்பது பெதாயா கெதாவாங், சோலோ அரண்மனைக்கே உரியது. சுல்தான் அகுங்கும் தென்கடல் ராணியும் சந்தித்த கதையோடு சேர்ந்தது. அரசர் பட்டமேறிய ஆண்டு நாளில் ஆடுவார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் என் விடுதி அறைத்தோழி அந்த ஒன்பதில் ஒருத்தி. அவள் நாள்காட்டியில் செலாசா க்ளிவோன் நாட்களுக்கு மட்டும் வட்டம் போட்டிருப்பாள். ஜாவாக்காரர்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரமும் உண்டு, செவ்வாயும் க்ளிவோனும் சேர்வது 35 நாளுக்கு ஒருமுறை, அன்றுதான் ஒத்திகை. மற்ற பாட்டெல்லாம் துணி துவைத்துக்கொண்டே முணுமுணுப்பாள், இதை மட்டும் வாயில் எடுக்க மாட்டாள். பத்தாவது ஆளைப் பற்றி நானும் கேட்டேன். "நாங்கள் ஒன்பது பேர், வரிசையில் நிற்கும்போது எண்ண மாட்டோம்" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழையபேப்பர்:
ஓய்வுபெற்ற நூலகன். நடனம் பார்த்தது குறைவு, அதைப் பற்றிய காகிதம் பார்த்தது அதிகம். ஜாவாவின் இன்னொரு அரண்மனை ஊரான யோக்யகர்த்தாவில், ஏழாம் ஹமெங்குபுவோனோ என்ற சுல்தான் காலத்தில் கசியான் செபாஸ் (1845–1912) என்ற ஜாவாக்காரர் அரண்மனைப் புகைப்படக்காரராக இருந்தார். அவர் எடுத்த நடனப் படங்களை ஒரு கண்காட்சியில் நின்று நின்று பார்த்தேன். தலை அலங்காரம், துணியின் கோலம், இடைக்கச்சை எல்லாம் துல்லியம். ஆனால் அந்தக் கை அங்கே எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போனது? படம் சொல்லாது.

காகிதமும் ஊரில் நிற்கவில்லை. 1812இல், ஜாவாவை ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், ஆங்கிலப் படை யோக்யகர்த்தா அரண்மனைக்குள் புகுந்து சுவடிகளை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் படையில் வங்காளச் சிப்பாய்களும் இருந்ததால் அந்தக் கலவரத்துக்கு ஊரார் வைத்த பெயரே "கெகெர் செபெஹி", சிப்பாய்க் கலவரம். 75 சுவடிகளின் மின்பிரதியை பிரிட்டிஷ் நூலகம் 2019இல்தான் சுல்தானிடம் கொடுத்தது. மூலம் இன்னும் லண்டனில்தான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை சோலோவின் இன்னொரு அரண்மனையான மங்குநெகரானில் கேட்டது. 1937, ஹாலந்து இளவரசி யூலியானாவின் திருமணம். அங்கே ஆடப் போன மங்குநெகரான் இளவரசி குஸ்தி நூருலுக்கு வயது 15. இசைக்குழுவைக் கப்பலேற்றவில்லை. சோலோவில் கமலான் வாசிக்க, எஸ்.ஆர்.வி. என்ற உள்ளூர் வானொலி அதைக் காற்றில் அனுப்ப, ஹாலந்தில் அந்தப் பெண் வானொலிப் பெட்டியைக் கேட்டு ஆடினார். ஈப்போத் தங்கச்சி, கெண்டாங்காரர் ஆடுகிறவளைப் பார்க்காத கதை உங்கள் கேசட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது!

ஈப்போக்காரி:
ஐயா, அது அடுத்த கண்டத்தில் இருந்தாலும் மனுஷன் வாசித்தது. தப்புப் பண்ணும் உரிமை அவருக்கு இருந்தது. கேசட் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே மாதிரி. ஆனாலும் இந்தக் கதை எனக்குத் தெரியாது, நன்றி.

காப்பித்தூள்:
மரப்பாச்சி அக்கா, அந்த முதுகுப் பக்க வீடியோ என்ன ஆனது?

மரப்பாச்சி:
அதைத்தான் பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்களாம். முன்பக்கத்தை விருந்தாளி வந்தால் போடுவார்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. முதல் பதிவில் இபு ஓரமாக உட்கார்ந்து ஆரம்பம் முதல் முடிவு வரை சிஜி, லோரோ, தெலு, பாபாத் என்று எட்டு வரை எண்ணிக்கொண்டே இருந்தார். நடுநடுவே கெண்டாங் சொற்களையும் வாயால் சொன்னார், ஒருத்தியின் முழங்கால் நிமிர்ந்துவிட்டது என்று திட்டினார். நான் அதையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து ஒலியைச் சுத்தம் பண்ணி, இடம் போதவில்லை என்று மூலத்தையும் அழித்துவிட்டேன். பிள்ளைகள் பார்த்ததும் முதல் கேள்வி, "இபு குரல் எங்கே அக்கா?"

இரண்டாம் பதிவில் எதையும் தொடவில்லை. இபு எண்ணுவது இருக்கிறது, இருமுவது இருக்கிறது. முப்பதாவது நிமிடம் வாக்கில் பக்சோ (இறைச்சி உருண்டை சூப்) விற்கும் வண்டிக்காரர் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் போகிறார், அவர் தட்டுவது தாளத்துக்குச் சேரவே இல்லை, இபு எண்ணிக்கையை நிறுத்தாமல் குரலை மட்டும் உயர்த்துகிறார்.