அழைக்கும்போது மட்டும் அணைந்துபோகும் வீட்டு எச்சரிக்கைக் கருவி

கேள்வி: கொளத்தூர் கவி

அம்மா கொளத்தூரில் தரைத்தள வீட்டில் தனியாக இருக்கிறார். நான் வேளச்சேரியில் இருக்கிறேன். ரிச்சி தெருவில் பொருள்கள் வாங்கி அவருக்காக ஒரு கருவி செய்திருக்கிறேன். வாசற்கதவில் கதவு திறந்தால் காந்தத்தால் அறியும் ரீட் சுவிட்ச், கூடத்தில் ஆள் நடமாட்டத்தை அறியும் பிஐஆர் சென்சார், இவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, சிம் போட்டுக் கைபேசி போல அழைக்கும் சிம்800எல் மாட்யூல். குறுஞ்செய்தி ஒழுங்காக வந்துவிடுகிறது. என் எண்ணை அழைக்கத் தொடங்கினால் மட்டும் மாட்யூல் அணைந்து, மீண்டும் முதலிலிருந்து நெட்வொர்க்கைத் தேடுகிறது. எல்எம்2596 என்ற மின்னழுத்தம் குறைக்கும் பலகை வழியாக 4.1 வோல்ட் கொடுக்கிறேன். மல்டிமீட்டரில் அந்த அளவு அசையவே இல்லை. கருவி இரும்புப் பீரோவின் மேல் இருக்கிறது. இன்னொரு கவலை: மே மாதப் பிற்பகலில் அம்மா குறுக்கே நடந்தாலும் சென்சார் கண்டுகொள்வதில்லை.

பதில்: இசிஇ மாணவன்

அக்கா, மாட்யூலுக்கு மின்சாரம் நுழையும் முனையருகே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: கோபுரப் பணியாளர்

தம்பி சொன்ன மின்தேக்கி வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. ஜிஎஸ்எம் (2ஜி) அழைப்பில் மாட்யூல் தொடர்ந்து அனுப்புவதில்லை. 4.615 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 577 மைக்ரோவினாடி நேரம் மட்டும் அனுப்பும். அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சுமை முழுவதையும் 1000 மைக்ரோஃபாரட் தனியாகத் தாங்கினால், அந்தச் சிறு நேரத்திலேயே 1.15 வோல்ட் இறங்கிவிடும். இந்த மாட்யூலுக்கோ 3.4 வோல்ட்டாவது வேண்டும். உங்கள் மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இந்தப் பள்ளம் அதில் தெரியாது. குறுஞ்செய்திக்கு இந்தத் துடிப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அது தப்பிப் போய்விடுகிறது.

4.1 வோல்ட்டிலிருந்து 3.4 வரை உங்களுக்கு இருக்கும் இடம் 0.7 வோல்ட். 2 ஆம்பியருக்குக் கணக்கிட்டால், கம்பியும் இணைப்புகளும் சேர்ந்து 0.35 ஓமுக்குள் இருக்க வேண்டும். பற்றவைக்காமல் செருகிவைக்கும் பிரெட்போர்டிலும் மெல்லிய ஜம்பர் கம்பியிலும் அது நடக்காது. தடித்த, குட்டையான கம்பியைப் பற்றவையுங்கள். ஆன்டெனாவைப் பீரோவை விட்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். சிக்னல் நன்றாக இருந்தால் கோபுரமே மாட்யூலின் அனுப்பும் திறனைக் குறைக்கச் சொல்லும். இழுக்கும் மின்னோட்டமும் குறையும். சிக்னல் அளவைக் கேட்கும் ஏடி+சிஎஸ்க்யூ கட்டளைக்கு என்ன எண் வருகிறது? 10 என்றால் சிக்னல் வலிமை மைனஸ் 93 டிபிஎம்.

சென்சார் பழுதில்லை. உடம்புக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் பிஐஆர் பார்க்கிறது. சென்னை மே மாதத்தில் சுவரே உடம்பளவு சூடாக இருக்கும்போது அது எதைப் பார்க்கும்? பகலுக்குக் கதவு, ஜன்னல் சுவிட்சுகளை நம்புங்கள்.

எனக்கு உண்மையில் பெரிய கவலை வேறு. ஆபத்து வந்தால் மட்டும் பேசும் கருவி, செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு சிக்னலும் போனதை நாம் பார்த்தோம். மணிக்கு ஒருமுறை உங்கள் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் செய்யுங்கள், செலவே இல்லை. அது வராவிட்டால் சத்தம் போடும்படி உங்கள் வீட்டில் ஒரு பழைய கைபேசியை வையுங்கள். திருடன் சிக்னலை முடக்கும் ஜாமர் வைத்திருந்தாலும், அடாப்டரைப் பிடுங்கினாலும் இதில் தெரிந்துவிடும். கருவிக்குப் பேட்டரியும் கட்டாயம் வேண்டும்.

கொளத்தூர் கவி

ஐயா, எண் 7 வருகிறது. பிரெட்போர்டில்தான் வைத்திருக்கிறேன், பிரித்துப் பற்றவைக்கிறேன். மிஸ்டு கால் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஜியோ சிம் போட்டால் சிக்னல் கூடுமா?

கோபுரப் பணியாளர்

7 என்றால் மைனஸ் 99, மிகவும் குறைவு. சிம்800எல் 2ஜி மட்டுமே அறியும்; ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் பதிவே ஆகாது. இப்போதைக்கு 2ஜி தரும் நிறுவனத்தின் சிம்மையே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கும்போது ஏ7672எஸ் போன்ற 4ஜி மாட்யூலாக வாங்குங்கள். 2ஜியில் கோபுரம் சிம்மைச் சோதிக்கும், சிம் கோபுரத்தைச் சோதிக்காது. போலிக் கோபுரத்தைச் சிம்மால் அடையாளம் காண முடியாது. குரல் அழைப்புக்கு வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) உள்ள வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். குறுஞ்செய்தி அனுப்பிக் கருவியை அணைக்கும் வசதி வைத்திருந்தால், அனுப்பியவரின் எண்ணை மட்டும் பார்த்து ஏற்காமல் கடவுச்சொல்லும் கேட்கச் செய்யுங்கள். எண்ணைப் போலியாகக் காட்ட முடியும்.