ஃபைபரும் 4ஜியும் ஒரே வீட்டில்: சேர்ப்பதா, பிரிப்பதா?

கோண்டாவில்_கேமர்
வீட்டில் ஃபைபர் இருக்கிறது. டவுன்லோட் 50 எம்பிபிஎஸ், அப்லோட் 10. அண்ணா கனடா போகும்போது விட்டுவிட்டுப் போன 4ஜி ரவுட்டரும் இருக்கிறது, நல்ல நேரத்தில் 20 எம்பிபிஎஸ் தரும். பின்னேரம் வலோரண்ட் என்கிற ஒன்லைன் சுடும் கேம் விளையாடும்போது சிங்கப்பூர் சர்வருக்கு 70 அளவில் நிற்கிற பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கிற மில்லிசெக்கன்), தங்கச்சியின் போனில் இருந்து படங்கள் கூகுளுக்கு ஏறத் தொடங்கியதும் 400ஐத் தாண்டுகிறது. இரண்டு இணைப்பையும் சேர்க்கிற டூயல்-வான் ரவுட்டர் (‘வான்’ என்பது வெளி இணைப்பைச் செருகுகிற துளை, இதில் இரண்டு) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். 50உம் 20உம் சேர்ந்து 70 ஆகுமா? பிங் அடங்குமா? கேம் விற்கிற ஸ்டீம் செயலியில் 150 ஜிபி கேம் ஒன்றும் இறக்கக் கிடக்கிறது.

வடமராட்சியான்
தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கோ. பிங் 400 போவது வேகம் போதாமல் இல்லை. கேம் அனுப்புகிற, வாங்குகிற பக்கற் (தரவுத் துண்டு) எல்லாம் சேர்த்தாலும் ஒரு எம்பிபிஎஸ் வராது. படங்கள் அந்த 10 எம்பிபிஎஸ் அப்லோடை முழுதாக நிரப்ப, மிச்சத்தை ரவுட்டர் வரிசையில் போட்டு வைக்கிறது. நீங்கள் சுடுகிற சூடும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்கிறது. ஒழுங்கைக்குள் கல் லொறி முன்னால் போனால் பின்னால் வருகிற மோட்டார்சைக்கிளுக்கும் லொறியின் வேகம்தான். இதற்குப் பெயர் பஃபர்புளோட், தேடிப் பாருங்கள்.

மருந்து: ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸில் ஓடுகிற ரவுட்டர் மென்பொருள்) போடக்கூடிய ரவுட்டர் ஒன்று, அதில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற எஸ்க்யூஎம் வசதி, அதற்குள் கேக் என்கிற முறை. அப்லோடை 9க்கும் டவுன்லோடை 45க்கும் கட்டிவிடுங்கோ. கொஞ்ச வேகம் போகும். ஆனால் வரிசை கம்பனிப் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரில் நிற்கும், கேக் அதைப் பங்கு போட்டு விடும். 2018 முதல் லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கிற விஷயம். இரண்டாவது இணைப்புக்கு இதில் வேலையே இல்லை.

பிளேன்ரீ
அண்ணை சொல்வது புத்தகத்துக்குச் சரி. பெடியன் வீட்டில் இருக்கிற பெட்டி கம்பனி கொடுத்தது, அதற்குள் ஓபன்டபிள்யூஆர்டி போட முடியாது. புது ரவுட்டர் வாங்க வேண்டும், ஃபேர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும், பிழைத்தால் வீடு முழுக்க நெற் இல்லை, அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும். 4ஜி ரவுட்டர் சும்மா கிடக்கிறது. தங்கச்சியின் போனை அதில் போடு, கேமிங் பிசியை கேபிளில் ஃபைபருக்குப் போடு. லொறிக்கு வேறு ஒழுங்கை, மோட்டார்சைக்கிளுக்கு வேறு ஒழுங்கை. முடிந்தது கதை.

வடமராட்சியான்
கம்பனிப் பெட்டியைக் கழற்றச் சொல்லவில்லை. அதன் வைஃபையை நிறுத்திவிட்டு, பின்னால் உங்கள் ரவுட்டரைக் கேபிளில் போட்டால் போதும். டபுள் நாட் (இரண்டு ரவுட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றுவது) வரும்தான், பிசியில் விளையாடுகிறவருக்கு அனேகமாக அது தெரியவே தெரியாது. நீங்கள் சொல்கிற முறையில், தங்கச்சி ஒரு நாள் 4ஜி மெதுவாக இருக்கிறது என்று பழைய வைஃபைக்கு மாறினால் எல்லாம் பழையபடி. இவருடைய பிசியே ஸ்டீம் அப்டேற் இழுத்தாலும் அதே கதை. எஸ்க்யூஎம் இருந்தால் யார் எதில் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நல்லூர்வாசி
இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். நான் டிபி-லிங்க் ஈஆர்605 என்கிற ரவுட்டர் பாவிக்கிறேன், இரண்டு இணைப்பையும் அதில் செருகலாம். ஒரு வானில் ஃபைபர், மற்றதில் 4ஜி. ஸ்டீம் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கும், டோரண்டும் அப்படித்தான். அவை இரண்டு பக்கமும் பிரிந்து போகும், கூட்டிப் பார்த்தால் 70க்குக் கிட்ட வரும். கேமிங் பிசியின் ஐபி ஃபைபரால் மட்டும் போக வேண்டும் என்று ஒரு விதி எழுதினால் பிங்கும் கெடாது. ஒருக்கால் செய்துவிட்டால் பிறகு தொடத் தேவையில்லை.

சுன்னாகத்தாள்
நல்லூர்வாசி அண்ணா, உங்கள் இரண்டு வசனமும் ஒன்றையொன்று வெட்டுகிறது. கேமிங் பிசியை ஃபைபரோடு கட்டிவிட்டால் அதே பிசியில் இருக்கிற ஸ்டீமுக்கு 4ஜி எப்படிக் கிடைக்கும்? விதியைப் போர்ட் (ஒவ்வொரு செயலியும் பாவிக்கிற தொடர்பு எண்) பார்த்து எழுத வேண்டும், அது இவ்வளவு சுலபம் இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: இந்த ரவுட்டர்கள் செய்கிற லோட் பாலன்ஸ் என்றால் இரண்டு குழாயை ஒரு குழாய் ஆக்குவது இல்லை. ஒவ்வொரு தொடர்பும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முழுதாகப் போகும். பிரவுசரில் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் 50 அல்லது 20தான், 70 வராது. உண்மையாகவே ஒட்ட வேண்டும் என்றால் வெளியே ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, இரண்டு இணைப்பையும் அதுவரை கொண்டுபோய் அங்கே சேர்க்க வேண்டும். மாதக் காசு, அதோடு சுற்றுப்பாதையால் பிங்கும் கூடும். கேமுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கணக்கையும் பாருங்கள். 150 ஜிபியை 50இல் இறக்க 6 மணி 40 நிமிடம். எல்லாம் கூடிவந்து 70 கிடைத்தால் 4 மணி 45 நிமிடம் மட்டில். இரண்டு மணித்தியாலம் கூட மிச்சம் இல்லை. அதற்கு ஒரு ரவுட்டர் வாங்குவதா? அதுவும் 4ஜி பக்கேஜில் 40 ஜிபிக்கு மேல் கரைந்துவிடும். முதலில் கோட்டா எவ்வளவு, இரவு டேட்டா தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்லூர்வாசி
சுன்னாகத்தாள் தங்கச்சி, மணித்தியாலத்தை மட்டும் பார்த்தால் சரியா? வீதி கிண்டும்போது ஃபைபர் அறுந்து நாலைந்து நாள் கிடந்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டில் இருந்து வேலை செய்கிறவனுக்கு ஒரு பக்கம் விழ மற்றப் பக்கம் தானாக எழும்புவது பெரிய விஷயம்.

வடமராட்சியான்
அது ஃபெயில்ஓவர். கேள்வி அதைப் பற்றியது இல்லை. அதிலும் 4ஜியை மெத்த நம்பாதேங்கோ. 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். என் ஃபைபர் பெட்டி 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் கரண்ட் தேவைப்படுகிற சாமான் ஃபைபரில் ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் கம்பி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது, கோபுரத்து பற்றரி எவ்வளவுதான் தாங்கும்?

பிளேன்ரீ
நல்லூரில் இருந்துகொண்டு 4ஜியைப் புகழ்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். 25 நாள் திருவிழாவில் பின்னேரம் அங்கே வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகாது.

நல்லூர்வாசி
திருவிழாவுக்கு வருகிறவர்கள் படம் அனுப்புவதை நிறுத்தினால் போகும். 😄 பகிடி இருக்கட்டும், அந்த நாட்களில் 4ஜி பக்கத்தின் பங்கைக் குறைத்து விடுவேன், அதற்கும் ஈஆர்605இல் இடம் இருக்கிறது.

பனங்கொட்டை
இவ்வளவு கதை எதற்கு? நாங்கள் இருப்பது யாழ்ப்பாணம். பக்கற் கொழும்புக்குப் போய், பிறகு சிங்கப்பூர் போக வேண்டும். கொழும்பில் இருக்கிறவனோடு பிங்கில் போட்டி போட முடியாது. எத்தனை ரவுட்டர் வாங்கினாலும் இதுதான்.

வடமராட்சியான்
இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், ஒருவரும் பெருக்கிப் பார்ப்பதில்லை. கண்ணாடி நாருக்குள் ஒளி செக்கனுக்கு 2 லட்சம் கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், போய் வர 4 மில்லிசெக்கன். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே 2,700 அளவு, அதற்கு மட்டும் 27. மிச்சம் கேபிள் வளைவும் இடையில் இருக்கிற ரவுட்டர்களும். கொழும்புக்காரனுக்கும் உங்களுக்கும் இடையில் தூரத்தால் வருகிற வித்தியாசம் இந்த நாலுதான். தம்பிக்கு வருகிற 330 வீட்டுக்குள் வருகிறது.

பனங்கொட்டை
அப்ப இந்தியா சர்வர்? வேதாரணியம் எங்களுக்குக் கடலுக்கு அங்கால்தானே.

சுன்னாகத்தாள்
பக்கற்றுக்கு வள்ளம் ஓடத் தெரியாது. இந்தியாவுக்கு 2006இல் போட்ட பாரத்-லங்கா கேபிள் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையில்தான் கரை ஏறியது. எங்களுக்கு அது வேதாரணியத்தை விட எவ்வளவோ தூரம். மும்பை, சிங்கப்பூர் இரண்டுக்கும் பிங் அடித்துக் குறைந்ததை எடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

கோண்டாவில்_கேமர்
நன்றி எல்லோருக்கும். ஒரு சந்தேகம். ரவுட்டர் வாங்காமல் என் பிசியிலேயே கேபிளில் ஃபைபரும் வைஃபையில் 4ஜியும் போட்டுப் பார்த்தேன். வின்டோஸ் இரண்டையும் பாவிக்கவில்லை. ஒரு கட்டத்தில் பிரவுசரில் 4ஜி ரவுட்டரின் அமைப்புப் பக்கம் கூடத் திறக்கவில்லை.

சுன்னாகத்தாள்
பக்கம் திறக்காததற்குக் காரணம் இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 ஆக இருக்கும். பிசிக்கு எந்த 1.1 என்று தெரியாது. 4ஜி ரவுட்டரில் லான் (வீட்டு நெட்வேர்க்) முகவரியை 192.168.8.1 என்று மாற்றி, ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

வின்டோஸ் இரண்டையும் கூட்டாது. மெட்ரிக் (முன்னுரிமை எண்) குறைந்த பக்கத்தை எடுக்கும், கேபிளுக்கு அனேகமாகத் தானாகவே குறைந்த எண் விழும். உறுதியாக இருக்க வேண்டும் என்றால் அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் அட்வான்ஸ்டுக்குள் போய், ஆட்டோமேட்டிக் மெட்ரிக்கை எடுத்துவிட்டு கேபிளுக்கு 10, வைஃபைக்கு 50 போடுங்கள். கேம் ஃபைபரில் நிற்கும். டோரண்ட் என்றால் கியூபிட்டோரண்டின் அட்வான்ஸ்ட் பகுதியில் எந்த அடாப்டரால் போக வேண்டும் என்று தெரிவு செய்யலாம், அதை வைஃபையில் கட்டிவிடுங்கள். ஸ்டீமுக்குள் அப்படி ஒரு தெரிவு இல்லை.

அதற்கு வேறு வழி இருக்கிறது. வீட்டில் லாப்டாப் இருந்தால் அதை 4ஜியில் போட்டு, இரவு டேட்டாவில் 150 ஜிபியை இறக்க விடுங்கள். முடிந்ததும் லாப்டாப்பை ஃபைபர் பக்கத்து நெட்வேர்க்குக்கு மாற்றி, பிசியில் அதே கேமை நிறுவச் சொல்லுங்கள். ஸ்டீம் லாப்டாப்பில் இருந்து வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும், 2023இல் வந்த வசதி. ஃபைபரில் ஒரு ஜிபி கூடப் பெரிதாகக் கரையாது.

பிளேன்ரீ
இதைத்தான் நானும் சொன்னேன். பிரி, சேர்க்காதே.

வடமராட்சியான்
டவுன்லோடுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்லோட் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணா வீடியோ கோல் எடுக்க, அம்மா ஃபைபரில் கதைக்க, தங்கச்சியின் படமும் ஏற, பின்னேரம் ஏழு மணிக்கு இவர் ராங்க்ட் (தரவரிசைப் போட்டி) விளையாடினால் மறுபடி 400. இன்னொன்று: 4ஜி அனேகமாக சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரி) பின்னால். ரவுட்டரின் வான் ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அதுதான். பிளேஸ்டேஷன் இருந்தால் அதை 4ஜி பக்கம் போடாதேங்கோ, நாட் டைப் 3 (இறுக்கமான வகை) காட்டலாம், வொய்ஸ் சட்டும் கரைச்சல் தரலாம்.

நல்லூர்வாசி
எஸ்க்யூஎம் 4ஜியில் வேலை செய்யாது என்பதையும் சொல்லுங்கோ அண்ணை. வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் 90 சதவீதம் எதில் எடுப்பது?

வடமராட்சியான்
ஃபைபரில் போடத்தான் சொன்னேன். 4ஜிக்கு வேகத்தைப் பார்த்துத் தானாக மாற்றுகிற ஸ்கிரிப்ட் இருக்கிறது, தம்பிக்கு இப்போது அது தேவையில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது: தங்கச்சியின் போனில் படங்கள் ஏறுவதை நிறுத்திவிட்டு, சிங்கப்பூர் சர்வருக்கு பிங்கை ஓடவிட்டு ஒரு பின்னேரம் பாருங்கோ. 70இல் நின்றால் நான் சொன்னதுதான்.

கோண்டாவில்_கேமர்
பார்த்தாச்சு. படம் ஏறாதபோது 68க்கும் 75க்கும் இடையில். தங்கச்சி 4ஜிக்கு மாற மாட்டாளாம், அவளுடைய அறையில் சிக்னல் இல்லை. 4ஜி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) -112 காட்டுகிறது.

பிளேன்ரீ
-112 என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ரவுட்டரை மேல் யன்னலுக்குக் கொண்டு போ, -95க்கு வந்தாலே வேறு மாதிரி இருக்கும். பிளாட் கூரைக்குக் கீழே நடு அறையில் வைத்தால் யாருடைய 4ஜியும் இப்படித்தான்.

நல்லூர்வாசி
தம்பி, என்னிடம் இன்னொரு ஈஆர்605 சும்மா கிடக்கிறது. வேண்டும் என்றால் தனிமடல் போடுங்கோ, விலை பேசலாம்.

பிளேன்ரீ
அதுதானே பார்த்தேன்.