சட்டமன்றக் கூட்டத்தொடர்: நம்ம ஊர் மனுவில் முதல் வரி தண்ணீராக இருக்கட்டும்

அன்பான ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

சட்டமன்றம் கூடப்போகிறது, அதற்கு முன்னால் எம்எல்ஏ ஊர் ஊராகக் கோரிக்கை கேட்கிறார் என்று தலைவர் மாமா போட்ட மடலுக்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். கச்சத்தீவில் ஆரம்பித்து விலக்கு ரோட்டு நிழற்குடை வரை வந்துவிட்டது. எல்லாம் நியாயமான கோரிக்கைதான். ஆனால் இத்தனையையும் ஒரே மனுவில் அடுக்கினால் எதற்கும் பதில் வராது. 2022இல் முதலமைச்சர் 234 எம்எல்ஏக்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளைத்தான் கேட்டார். தொகுதி முழுவதற்குமே பத்து என்றால் நம்ம ஊருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்று குடிதண்ணீராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

துபாயிலும் சிங்கப்பூரிலும் குழாயைத் திறந்து பழகிய நமக்கு இது மறந்துபோகும். ஊரில் இருக்கிற மதினிமார்களைக் கேளுங்கள். சித்திரை வெயிலில் ஊற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, சிரட்டையால் கோரிக் கோரி, குடத்து வாயில் துணியைக் கட்டி வடிக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகக் கோரினால் உப்பு ஏறிவிடும். மறுபடி ஊறும் வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி மணலில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வண்டியைத் தள்ளுகிறவர்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உண்டு. முடியாதவர்கள் டேங்கர்காரரிடம் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பாசி எடுக்கப் போய்விட்டு வருகிற பெண்கள் இடுப்பளவு கடலில் நின்ற உடம்போடு இதையும் செய்கிறார்கள். இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா?

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிறதே என்று குவைத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். இருக்கிறது. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கிற தண்ணீர் புதுக்கோட்டை, சிவகங்கையைக் கடந்துதான் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கே வருகிறது. அதிலும் நாம் கடைமடை. வழியில் குழாய் உடைந்தாலும், மோட்டார் நின்றாலும், முதலில் காய்வது நம்ம மேல்நிலைத் தொட்டிதான். அதனால் ‘தண்ணீர் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் ‘திட்டம் செயல்பாட்டில் உள்ளது’ என்று பதில் வந்துவிடும். கேள்வியைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு குழாயில் குடிதண்ணீர் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவு. நம்ம கடற்கரைக் குடியிருப்புகளுக்கு அந்த அளவு வந்து சேர்கிறதா, கடைசித் தொட்டியில் அளவுமானி இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வைப்பீர்கள்? இப்படிக் கேட்டால் துறை கணக்கைக் காட்டித்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி நேரத்தில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்கிற கேள்வியாக அது வந்தால் எம்எல்ஏ எழுந்து துணைக் கேள்வியும் கேட்கலாம். இல்லாவிட்டால் குடிநீர் வழங்கல் துறைக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அமைச்சர் அவையில் ‘செய்து தருகிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம் என்று நாம் நிறுத்திவிடாமல், அந்த உறுதிமொழி என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தொடரிலும் கேட்கச் சொல்லலாம்.

இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் கரைக்கடல். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. அது கிட்டத்தட்ட ஐந்தரை கிலோமீட்டர். ராத்திரியில் விசைப்படகுகளின் இழுவைமடி வலை அதற்குள் வந்து, சின்னப் படகான வத்தையில் போகிற நம்ம ஆட்களின் வலையை அறுத்துக்கொண்டு போவது உங்களுக்கே தெரியும். ரோந்துப் படகும் டீசலும் ஆளும் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை எவ்வளவு கண்டிப்பாக நடத்துகிறார்களோ, அதே கண்டிப்பு மற்ற மாதங்களில் இந்த 3 மைலுக்கும் வேண்டும்.

கச்சத்தீவை ஏன் விட்டாய் என்று கோபப்படாதீர்கள். 1974 ஒப்பந்தத்தின் வலி எனக்கும் உண்டு. சிறைபிடிக்கப்பட்டவர் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை மீட்கச் சொல்லி 2025 ஏப்ரல் 2ஆம் தேதி சட்டமன்றமே தீர்மானம் போட்டுவிட்டது. இனி பேச வேண்டியது டெல்லியில். அதற்கு நம்ம எம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவோம், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். எம்எல்ஏவிடம் அவர் கைக்கு எட்டுகிறதைக் கேட்போம். நிழற்குடை, தெருவிளக்கு இதெல்லாம் தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே முடியும். வருடத்துக்கு 3 கோடி இருக்கிறது. அதற்குச் சட்டமன்ற நேரம் தேவையில்லை.

மனுவை நானே எழுதித் தருகிறேன். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்ற விவரம் மட்டும் வேண்டும். அவரவர் வீட்டுக்கு போன் போட்டு, அக்கா தங்கச்சிகளிடம் கேட்டு, தெருப் பெயரோடு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் குழுவிலேயே போடுங்கள். ஆம்பிளைகளைக் கேட்காதீர்கள், அவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

அன்புடன்,
மேலத்தெரு, இப்போது சிங்கப்பூர்